சம்பந்திகளின் ஐந்து கிலோமீட்டர்

நம் பிசியோ பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் போன வாரம் என்னைத் தேநீருக்கு அழைத்தீர்கள். அப்போது உங்களில் ஒருவர், "மிஸ், உங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமான கேஸ் எது?" என்று கேட்டார். பக்கவாதம், லாரி விபத்து, இப்படி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் "ரெண்டு சம்பந்திங்க" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். அதற்குள் அடுத்த நோயாளியின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால் அந்தக் கதையை எழுதித் தருகிறேன்.

எந்தத் தசைக்கு எந்தப் பயிற்சி, எங்கே டேப் ஒட்டுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். முப்பத்து மூன்று வருடத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது காலோ முதுகோ இல்லை. கேட்கக் கூடாததைக் கேட்டதும், சொல்லக் கூடாததைச் சொன்னதும்தான். இந்தக் கதையில் சொல்லக் கூடாததைச் சொன்னவள் நான்.

அவர்கள் இருவரிடமும் அனுமதி வாங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றிவிடுகிறேன் என்றேன். "பேர மாத்துனாலும் எல்லாருக்கும் தெரியும்லா" என்றார் ஒருவர். "அப்ப நல்ல பேரா வைங்க மிஸ்" என்றார் இன்னொருவர். அவருக்குப் பாக்கியம் என்றும், முதலாமவருக்குச் சற்குணம் என்றும் வைத்திருக்கிறேன்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வருடம் அது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சற்குணம் வந்தார். ஐம்பத்து நான்கு வயது. ஈப்போவில் சொந்தமாக ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காலைப் பள்ளிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மதியம் ஏற்றப் போவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில் வந்திருந்தார். காலில் எலுமிச்சை நிறத்தில் ஒரு புதுச் சப்பாத்து. அதைப் போட்டுக்கொண்டு, இரண்டு கட்டைகளை ஊன்றி நடப்பதுபோல் உள்ளே வந்தார்.

"எத்தன நாளா வலி?"

"மூணு நாளா மிஸ். ரெண்டு கெண்டைக்காலும்."

"ஓட ஆரம்பிச்சு எத்தன நாளாச்சு?"

"மூணு நாளு."

"மொத நாளு எவ்ளோ ஓடுனீங்க?"

"அஞ்சு கிலோமீட்டர். போலோ திடல்ல. ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன். ஆனா நிக்கல." இதைச் சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

கடைசியாக எப்போது ஓடினீர்கள் என்று கேட்டேன். ஆறாம் வகுப்பு விளையாட்டுப் போட்டியில் என்றார்.

காரணத்தையும் சொன்னார். சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். ரப்பர் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது சனங்கள் வெளியேறினார்கள். வேலையாட்கள் குடியிருந்த லயங்களையும் இடித்துவிட்டார்கள். ஆட்கள் ஈப்போ, கமுந்திங், ஆயர் தாவார் என்று பிரிந்துபோனார்கள். கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே அப்படியே நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு எல்லோரும் அங்கே கூடுவார்கள். அந்தக் கூட்டமும் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. அதனால் சற்குணம்தான் வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை சொன்னார். திருவிழாக் காலையில் பெரிய ரோட்டிலிருந்து கோயில் வரை ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். மேட்டு லயத்துக்கும் பள்ளத்து லயத்துக்கும் போட்டி.

லயங்களை இடித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் யார் மேடு, யார் பள்ளம் என்பதை ஒருவரும் மறக்கவில்லை. குழுவில் ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் செய்தி வந்ததாம். பெரும்பாலும் வசவு.

விதி எளிமையானது. ஒவ்வோர் அணியிலும் ஐந்து பேர். எல்லோரும் நாற்பது வயதுக்கு மேல். ஐந்தாவது ஆள் எப்போது கோயில் வளைவுக்குள் கால் வைக்கிறாரோ, அதுதான் அந்த அணியின் நேரம். தோற்ற அணி அன்னதான அண்டாக்களைக் கழுவ வேண்டும். மேட்டு லயத்தில் ஓட ஒப்புக்கொண்டவர்கள் சற்குணத்தையும் சேர்த்துச் சரியாக ஐந்தே பேர். அந்த ஐந்தில் ஐந்தாவது ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

திருவிழாவுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. நிறைய நேரம். நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டுத் தடவை. வாரத்தில் மூன்று நாள்தான். இடையில் கட்டாயம் ஓய்வு. அடுத்த வாரம் கொஞ்சம் கூட, அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம்.

தாளைப் பார்த்த சற்குணத்தின் மூக்கு விடைத்தது. "ஒரு நிமிஷமா? பஸ்ஸ புடிக்கவே அதுக்கு மேல ஓடுவேன்லா."

"பஸ் ஓட்டுறவரு நீங்க. நீங்க எப்ப பஸ் புடிச்சீங்க?"

சிரித்துவிட்டார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போகும்போது குரலைத் தாழ்த்தி, "மிஸ், நான் இங்க வந்தது வெளிய தெரிய வேணாம். முக்கியமா பள்ளத்து லயத்துக்கு" என்றார். பள்ளத்து லயத்து ஆள் யாரும் என் கிளினிக்குக்கு வருவதில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

நாற்பது நிமிடம் கழித்துப் பாக்கியம் வந்தார்.

ஐம்பத்திரண்டு வயது. ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல். வலது முழங்கால் வீங்கியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். காலைப் பார்த்தேன். இரண்டு காலிலும் ஒரே இடத்தில் சப்பாத்து கடித்த புண். குளியலறையில் சப்பாத்து போட்டுக்கொண்டு குளிப்பீர்களா என்று கேட்டேன்.

கூரையைப் பார்த்தார். பிறகு, "மேட்டு லயத்துக்காரவங்களுக்கு வாய் ஜாஸ்தி மிஸ்" என்று ஆரம்பித்தார்.

பள்ளத்து லயத்துத் தலைவி அவர்தான். அந்த அணியிலும் ஐந்தாவது ஆள் தலைவிதான். அவர் பேசப் பேச இன்னொன்றும் தெரிந்தது. அவருடைய மகனுக்குத்தான் சற்குணத்தின் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பாக்கியமும் சற்குணமும் சம்பந்திகள். மருமகள் கவிதா பாக்கியத்தின் வீட்டில்தான் இருக்கிறாள்.

நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அதே தாளைப் பிரதி எடுத்து இவருக்கும் கொடுத்தேன். அதே ஒரு நிமிடம், அதே இரண்டு நிமிடம். பாக்கியம் முறைத்தார். "ஒரு நிமிஷம் ஓடுறதுக்கா புள்ளங்களோட டீ-சட்டயெல்லாம் வாங்கிப் போட்டேன்?"

"பெலான் பெலான்" என்றேன். மெதுவாக, மெதுவாக. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் நான் சொல்வது அந்த ஒரே மருந்துதான்.

இரண்டாவது வாரம் கவுண்டரில் நேரத்தை மாற்றிவிட்டார்கள். இருவரும் ஒரே நேரத்தில் காத்திருக்கும் அறையில் உட்கார நேர்ந்தது. கதவிடுக்கில் நான் கேட்ட உரையாடல் இது.

"அட, சம்பந்தியம்மா! நீங்க எங்க இங்க?"

"கழுத்து வலி சம்பந்தி. நீங்க?"

"எனக்குத் தோள்பட்ட."

"பஸ் ஓட்டுறதுல வர்றதா இருக்கும்."

"ஆமா ஆமா. உங்களுக்கு அண்டா கிண்டுறதுல வந்திருக்கும்."

பேர் கூப்பிட்டதும் கழுத்து வலிக்காரர் முழங்காலை மடக்க முடியாமல் சுவரைப் பிடித்து எழுந்தார். தோள்பட்டைக்காரர் அதைப் பார்க்காததுபோல் பார்த்தார். தோள்பட்டைக்காரர் நொண்டிக்கொண்டு வந்ததைக் கழுத்து வலிக்காரரும் அப்படித்தான் பார்த்திருப்பார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் எனக்குச் சோதனை. சிகிச்சை நடக்கும்போது சற்குணம் சாதாரணமாகக் கேட்பார். "சம்பந்தியம்மாவுக்குக் கழுத்து எப்புடி இருக்கு மிஸ்? ரொம்பத் தூரம் போக முடியுதா?" கழுத்து எவ்வளவு தூரம் போகும்? பாக்கியம் ஒருநாள் தோசையும் சம்பலும் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தார். நான் தோசையை வாங்கிக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை. அப்போது என்னைப் பற்றி எனக்கே நல்ல மதிப்பு இருந்தது.

இரண்டு மாதம் நன்றாகப் போனது. சற்குணம் ஒவ்வொரு வாரமும் தன் கணக்கைச் சொல்வார். எட்டாவது வாரம், "மிஸ், நிக்காம எட்டு நிமிஷம்!" என்றார். தாளில் அந்த வாரத்துக்கு ஐந்துதான் இருந்தது. கொஞ்சம் வேகம்தான், ஆனாலும் வலி இல்லை என்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

அதே நாளில் பாக்கியம் சோர்ந்து போய் உட்கார்ந்திருந்தார். நான்கு நிமிடத்துக்கு மேல் மூச்சு வாங்குகிறது, தன்னால் முடியாது, பேரை எடுத்துவிடச் சொல்லப் போகிறேன் என்றார். கண்ணில் தண்ணீர். எனக்கு மனசு கேட்கவில்லை. உற்சாகப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. இங்கேதான் கவனமாகப் படியுங்கள். நான் சொன்னது இது: "அப்படிச் சொல்லாதீங்கக்கா. உங்கள மாதிரியே ஆரம்பிச்ச ஒருத்தரு இப்ப நிக்காம எட்டு நிமிஷம் ஓடுறாரு."

பேர் சொல்லவில்லை. வயது சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. பாக்கியத்தின் கண்ணீர் அப்படியே நின்றது. "எட்டா?" என்றார். யார் என்று கேட்கவே இல்லை. சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து போனார்.

நோயாளியை உற்சாகப்படுத்திவிட்டேன் என்று நான் மகிழ்ச்சியாகச் சாப்பிடப் போனேன்.

பத்து நாள் கழித்துப் பாக்கியம் குதிகாலைத் தரையில் வைக்க முடியாமல் வந்தார். காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் ஆணி மேல் நிற்பதுபோல் இருக்கிறதாம். அதற்கு அடுத்த செவ்வாய் சற்குணத்தின் முறை.

சற்குணம் உள்ளே வருவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தைப்பிங்கில் எனக்கு ஒரு மேலாளர் இருந்தார், ஒரு சீன அம்மையார். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. முதல் வாரம் முழுக்க அவர் என்னை ஒரு நோயாளியையும் தொடவிடவில்லை. ஜன்னல் ஓரத்தில் நிற்க வைத்து, கார் நிறுத்துமிடத்திலிருந்து வருகிறவர்களைப் பார்க்கச் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. படித்துவிட்டு வந்தது ஜன்னல் பார்க்கவா? வெள்ளிக்கிழமை அவரே காரணத்தைச் சொன்னார். உள்ளே வந்துவிட்டால் பாதிப் பேர் வலியைக் கூட்டிக் காட்டுவார்கள், மீதிப் பேர் மறைப்பார்கள். வண்டியைவிட்டு இறங்கும்போது யாரும் நடிக்க மாட்டார்கள்.

அந்தப் பழக்கம் கடைசிவரை எனக்குப் போகவில்லை. அன்றும் ஜன்னலில் நின்றிருந்தேன். மஞ்சள் பேருந்து வந்து நின்றது. சற்குணம் பின்புறமாகத் திரும்பி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, வலது காலை முதலில் இறக்கினார். இடது காலைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி மெதுவாகத் தரையில் வைத்தார். கொஞ்ச நேரம் பேருந்தில் சாய்ந்து நின்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து, என் அறைக்குள் நேராக நடந்து வந்தார்.

"லேசா ஒரு இழுப்பு மிஸ். தேச்சு விட்டா போயிரும்."

கட்டிலில் படுக்க வைத்தேன். முழங்காலுக்குக் கீழே முன்புற எலும்பை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில், சரியாக ஒரு விரல் அகலத்தில், அவர் கட்டிலைவிட்டு எழும்பிவிட்டார். சதை வலி பரவலாக இருக்கும். இப்படி ஒரே புள்ளியில் எலும்பு மேல் வலித்தால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காலில் நின்று ஒரே ஒரு முறை குதிக்கச் சொன்னேன். "எதுக்கு மிஸ் குதிச்சுக்கிட்டு, நான் என்ன சின்னப் புள்ளயா?" என்றார். குதிக்கவில்லை.

டாக்டரிடம் சொல்லி எக்ஸ்ரே எடுத்தோம். படம் சுத்தமாக இருந்தது. சற்குணம் படத்தை விளக்கில் காட்டி, "பாத்தீங்களா? ஒண்ணுமில்ல. நீங்க சும்மா பயம் காட்டுறீங்க" என்றார். எலும்பில் விழும் மெல்லிய கீறல் முதல் வாரங்களில் படத்தில் தெரியாமல் போகலாம் என்று விளக்கினேன். காதில் வாங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கக் கடிதம் தருகிறோம், அதுவரை ஓடவும் கூடாது, வண்டி ஓட்டவும் கூடாது என்றேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"மிஸ், மேட்டு லயத்துல நாங்க அஞ்சே பேருதான். நான் நின்னா டீம் இல்ல. டீம் இல்லன்னா போட்டி இல்ல. இந்த வருஷம் எத்தன குடும்பம் வாரேன்னு சொல்லிருக்கு தெரியுமா? ஓட்டத்த பாக்கத்தான் வாராங்க. சாமிக்காக யாரும் வரல. ஓடிட்டு அப்புறம் உங்க சொல்லக் கேக்குறேன்லா."

எழுந்து சப்பாத்தைப் போட ஆரம்பித்தார். எனக்கு இருந்தது அவர் கயிறு கட்டி முடிக்கும் நேரம் மட்டும்தான். அவர் மகளிடம் சொல்ல முடியாது. சம்பந்தியிடம் சொல்லவே முடியாது. ஓடினால் எலும்பு முழுசாக முறியும் என்று பயமுறுத்தலாம். ஆனால் எக்ஸ்ரே அவர் கையில் இருந்தது. வெளியே நின்ற பேருந்தைப் பார்த்தேன்.

"சற்குணம் அண்ணே, கிளட்ச் எந்தக் கால்ல?"

கை நின்றது.

"எடது கால்ல."

"காலையில எத்தன புள்ளங்க ஏறுறாங்க?"

கயிற்றை விட்டுவிட்டு வெளியே பேருந்தைப் பார்த்தார்.

"சிக்னல்ல கிளட்ச்ச அமுக்குறப்ப அந்த எடம் வலிக்குதா?"

குனிந்து அந்த இடத்தைத் தடவினார். பிறகு, "நேத்து ஒரு தடவ கால் வழுக்கிருச்சு மிஸ். முன்னால ஒரு மோட்டர்காரன் நின்னான். தள்ளித்தான் நின்னுச்சு வண்டி. ஆனா…" என்றார். ஒரு காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "கடுதாசி எழுதுங்க."

அன்று மதியம் பிள்ளைகளை ஏற்ற வேறு ஆள் போனார். கமுந்திங்கில் இருந்த அவர் தம்பி வந்து ஐந்து வாரம் பேருந்து ஓட்டினார். ஸ்கேனில் கீறல் தெரிந்தது. நான் நினைத்தது சரியாகிவிட்டது. அதில் எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. பாக்கியத்தின் குதிகாலும் சற்குணத்தின் எலும்பும் ஏன் ஒரே சமயத்தில் கெட்டன என்று அதற்குள் எனக்குப் புரிய ஆரம்பித்திருந்தது.

அடுத்த செவ்வாய் சற்குணம் இரண்டு ஊன்றுகோலோடு வந்தார். பாக்கியம் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சம்பந்தி இது?"

"அதே தோள்பட்டதான் சம்பந்தியம்மா. கொஞ்சம் கீழ எறங்கிருச்சு."

யாரும் சிரிக்கவில்லை. பதிவுக் கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அவள்கூட நிலைமை புரிந்து குனிந்துகொண்டாள்.

பாக்கியம் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். குதிகாலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எத்தன வாரம் மிஸ்?" என்றார்.

"உங்களுக்கா?"

"எனக்கில்ல."

"உங்களுக்குன்னா சொல்றேன்."

என்னை உற்றுப் பார்த்தார். நானும் அதற்கு மேல் தாங்க முடியாமல் சொன்னேன். "அக்கா, அன்னைக்கு உங்ககிட்ட வேற ஒரு நோயாளியப் பத்திச் சொன்னேன். அது தப்பு. உங்க கால் உங்க கால். இன்னொருத்தரோட நிமிஷத்த உங்க கால்ல நான் வச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க." அடுத்த வாரம் சற்குணத்திடமும், யாரிடம் என்று சொல்லாமல், அவருடைய கணக்கை வெளியே விட்டதை ஒப்புக்கொண்டேன். மேலதிகாரியிடமும் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இதையெல்லாம் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நீங்களும் ஒருநாள் செய்வீர்கள், அப்போது மறைக்காதீர்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

அன்று இரவே பாக்கியம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார். கவிதா பிறகு எனக்குக் காட்டினாள். "விதியில ஓட்டம்னு எங்கயும் எழுதல. அஞ்சாவது ஆள் சொந்தக் கால்ல வந்து சேரணும், அவ்ளோதான். நடந்தாலும் சரி. மேட்டு லயத்துக்காரவங்க எப்புடியும் ஓடுனா நடக்குற மாதிரிதான் இருக்கும்." அதற்குக் கீழே இருநூறு வசவு. எல்லோரும் சண்டை போட்டதில் விதி மாறிப்போனதை ஒருவரும் எதிர்க்கவில்லை. சற்குணம் ஒரே ஒரு கும்பிடு போட்டிருந்தார்.

பத்து வாரம் இருந்தது. கீறல் ஆறியது. ஊன்றுகோல் போனது. முதலில் வீட்டைச் சுற்றி நடை, பிறகு குடியிருப்புத் தாமானைச் சுற்றி. இந்த முறை தாளில் எழுதியதற்கு மேல் ஒரு நிமிடமும் போகக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். பாக்கியமும் பழையபடி ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடைக்குத் திரும்பினார். டாக்டர் சற்குணத்துக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்க அனுமதி கொடுத்தார். நடக்க மட்டும்.

திருவிழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். நான் கோயில் வளைவருகே நின்றேன். ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் முதல் ஆள் வந்தார். முக்கால் மணிக்குள் இரண்டு அணியிலும் நான்கு நான்கு பேர் வந்து தரையில் விழுந்துவிட்டார்கள். ஐந்தாவது ஆட்கள் இருவரையும் காணோம். ஒரு மணி நேரம் ஆனது. பூசாரி மணியைப் பார்த்தார். சமையல்காரர் பூசாரியைப் பார்த்தார். அனுமதித்தது தப்போ? யாரோ ஒருவரின் மோட்டர் சைக்கிளில் பின்னால் ஏறிச் செம்பனைக்குள் போனேன்.

மூன்றாவது கிலோமீட்டரில், வெட்டிப் போட்ட மட்டைக் குவியல் மேல் பாக்கியம் உட்கார்ந்திருந்தார். கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொண்டது. பின்னால் எலுமிச்சை நிறத்தைப் பார்த்ததும் தாளை மறந்து ஓடியிருக்கிறார். பக்கத்தில் சற்குணம் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க போங்க சம்பந்தி. எனக்காக நிக்க வேணாம்."

"எப்புடி விட்டுட்டுப் போறது சம்பந்தியம்மா?"

"பரவால்ல, போங்க."

"இல்ல, இருக்கட்டும்."

எவ்வளவு நேரமாக இது நடக்கிறது என்று கேட்டேன். இருபது நிமிடமாம். சற்குணத்தைத் தனியே அழைத்துக் காலை அழுத்திப் பார்த்தேன். வலி இல்லை. மனம் கொஞ்சம் நிம்மதியானது. "நீங்க போயிருக்கலாமே அண்ணே, ஜெயிச்சிருப்பீங்களே" என்றேன். கிசுகிசுப்பாகச் சொன்னார்: "ஜெயிச்சிட்டு எம் மக அந்த வீட்டுலதான இருக்கணும் மிஸ்?"

பாக்கியத்தின் காலை நீட்டிப் பிடித்து இழுத்துவிட்டேன். அவரும் கிசுகிசுத்தார். "அவரு பாவம் பாத்துக் கூட நிக்குறாரு. இத எம் மருமக நான் சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவா. அவரப் போகச் சொல்லுங்க."

நான் யாரையும் போகச் சொல்லவில்லை. மோட்டரை அனுப்பிவிட்டு, "பெலான் பெலான், மூணு பேரும் நடப்போம்" என்றேன். செம்பனைக்கு நடுவே செம்மண் பாதையில் நடந்தோம். பேச வேறு எதுவும் இல்லாததால் பாக்கியம் கேட்டுவிட்டார். "சம்பந்தி, நெசமாவே எட்டு நிமிஷம் ஓடுனீங்களா?"

சற்குணம் என்னைப் பார்த்தார். நான் செம்பனையைப் பார்த்தேன்.

"அஞ்சு" என்றார். "மிஸ் சந்தோஷப்படுவாங்கன்னு எட்டுன்னேன். நீங்க பதினாறுன்னு கவிதா சொல்லுச்சே?"

"பத்து. அதுவும் ஒரே நாளு. மருமககிட்ட பத்துன்னு சொல்ல முடியுமா?"

"அந்தப் பதினாற கேட்டுத்தான் சம்பந்தியம்மா நான் ஓய்வே இல்லாம பத்து நாள் ஓடுனேன். டீம்ல அரை மணி நேரம்னு சொன்னேன். மூச்சு வாங்குறத கழிச்சா பன்னெண்டு."

எட்டு, பதினாறு, முப்பது. எல்லா எண்ணும் பொய். முதல் பொய்யை நோயாளி சொன்னார், அதை நான் சரிபார்க்காமல் அடுத்தவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எலும்பில் விழுந்த கீறல் மட்டும்தான் உண்மை. இருவரும் நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் பாக்கியம் சிரித்தார். சிரித்ததில் மறுபடியும் கால் பிடித்துக்கொண்டது. நான் மறுபடியும் மண்ணில் உட்கார்ந்து இழுத்துவிட்டேன்.

கோயில் வளைவுக்கு வந்தபோது கூட்டம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. மேடு! பள்ளம்! வளைவுக்கு ஓர் அடி முன்னால் இருவரும் நின்றுவிட்டார்கள்.

"நீங்க போங்க சம்பந்தியம்மா."

"இல்ல இல்ல, நீங்க மொத."

"பெரியவங்க நீங்க."

"நானா? உங்களுக்கு ரெண்டு வயசு எளையவ நானு!"

ஐந்து மாதமாக ஒருவரையொருவர் முந்துவதற்காக எலும்பை உடைத்துக்கொண்டவர்கள் இப்போது அசைய மறுத்தார்கள். ஓடிக் களைத்த எட்டுப் பேரும் பசியில் கெஞ்சினார்கள். சோறு ஆறுகிறது என்று சமையல்காரர் கத்தினார். பூசாரி தட்டோடு வெளியே வந்து, சாமிக்கே தாமதமாகிறது என்றார். "நீங்க போங்க." "நீங்க போங்க." முப்பத்து மூன்று வருடமாக எல்லோருக்கும் மெதுவாக என்று சொன்னவள் நான். எனக்கும் பொறுமை போய்விட்டது. பின்னால் போய் நின்று, இரண்டு முதுகிலும் ஒவ்வொரு கையை வைத்துத் தள்ளினேன்.

இருவரும் உள்ளே போனார்கள். யார் கால் முதலில் பட்டது என்பதில் தகராறு வந்ததால், அன்று இரண்டு அணியும் சேர்ந்து அண்டா கழுவின. அந்தச் சண்டை வாட்ஸ்அப் குழுவில் இன்னும் ஓயவில்லை. போன வாரம்கூட இருவரும் தனித்தனியாக என்னை அழைத்து, "மிஸ், பின்னாலயே நின்னீங்களே, உங்களுக்குத் தெரியாம இருக்குமா?" என்று கேட்டார்கள்.

தெரியும். நன்றாகவே பார்த்தேன். ஆனால் இருவரும் என் நோயாளிகள். உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.